இரண்டாம் அடுக்கு பிளாக்செயின்கள்: வேகத்தையும் அதிகாரப் பரவலையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி

வணக்கம். எத்தீரியம் பிளாக்செயினின் மேல் இயங்கும் இரண்டாம் அடுக்குகளான ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ், ஸ்டார்க்நெட் ஆகியவற்றை ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்து வருகிறேன். நொடிக்கு எத்தனை பரிவர்த்தனைகள் என்ற எண் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. அதிகாரப் பரவலுக்கு அத்தகைய எண் கிடைக்கவில்லை. பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் சீக்குவென்சர் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது, எத்தீரியத்தின் பாதுகாப்பு தங்களுக்கும் உண்டு என்று இவை சொல்வதை எந்த அளவுக்கு ஏற்கலாம்?

மறுமொழி 1

முதலில் வேகத்தைப் பற்றி. அந்த எண் எந்த ஒரு ரோல்அப்புக்கும் (பரிவர்த்தனைகளை வெளியே செயல்படுத்தி, தரவை எத்தீரியத்தில் பதியும் வலைப்பின்னல்) தனியாகச் சொந்தமானதன்று. 2024 மார்ச்சில் எத்தீரியத்தின் டென்குன் மேம்பாட்டுடன் வந்த பிளாப் (ரோல்அப்கள் தம் தரவை வைக்கும் பொதி) ஒவ்வொன்றும் 128 கிலோபைட் கொண்டது. 2025 மே மாதப் பெக்ட்ரா மேம்பாட்டில் ஒரு பிளாக்கிற்கான இலக்கு 3 பிளாப்களிலிருந்து 6 ஆனது. 12 நொடிக்கு ஒரு பிளாக் என்பதால், அந்த இலக்கின்படி நொடிக்கு 64 கிலோபைட் இடம் கிடைத்தது. சுருக்கிய பரிவர்த்தனை ஒன்றுக்கு 100 பைட் என்று கொண்டால், ஏறத்தாழ 650 பரிவர்த்தனைகள். அதையும் எல்லா ரோல்அப்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பின்னர் ஃபுசாகா மேம்பாடு, ஒவ்வொரு கணுவும் (வலைப்பின்னலில் இணைந்த கணினி) எல்லாத் தரவையும் இறக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயத்தை நீக்கி, இந்த வரம்பை மேலும் உயர்த்த வழிசெய்தது.

தரவை வெளியே ஒரு குழுவிடம் ஒப்படைக்கும் வேலிடியம் வகைக்கு இந்த வரம்பு இல்லை. ஆனால் அக்குழு தரவைத் தர மறுத்தால், பயனர் தம் இருப்பை நிறுவவே முடியாது. அத்தகைய வலைப்பின்னலை ரோல்அப்களோடு ஒரே வரிசையில் வைத்து வேகத்தை ஒப்பிடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2

சீக்குவென்சரைவிட, ரோல்அப்பின் பணத்தைக் காக்கும் எத்தீரிய நிரல்களான ஒப்பந்தங்களை மாற்றும் சாவிகள் யாரிடம் இருக்கின்றன என்பதுதான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. முறையாக அமைந்த ரோல்அப்பில் சீக்குவென்சரால் தாமதப்படுத்த முடியும், முன்பின்னாக மாற்றி அடுக்க முடியும். ஆனால் உங்கள் பணத்தை எடுத்துக்கொள்ள முடியாது. அது புறக்கணித்தாலும், எத்தீரியம் வழியாகவே பரிவர்த்தனையைக் கட்டாயமாகச் சேர்க்கலாம்: ஆப்டிமிசத்தில் 12 மணி நேரத்திற்குள், ஆர்பிட்ரத்தில் சுமார் 24 மணி நேரத்திற்குப் பின். மாறாக, சில சாவிகளை வைத்திருப்போர் முன்னறிவிப்பின்றி ஒப்பந்தத்தையே மாற்ற முடியுமென்றால், சான்று முறை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் நீங்கள் நம்பியிருப்பது அந்தச் சிலரைத்தான்.

வரலாற்றையும் கவனியுங்கள். எவரும் பங்கேற்கக்கூடிய பிழைச் சான்று (தவறான முடிவை எதிர்த்து நிறுவும் முறை) ஆப்டிமிசத்திற்கு 2024 ஜூனில்தான் வந்தது. ஆர்பிட்ரத்தில் அனுமதிப் பட்டியலில் இல்லாதவரும் தவறான முடிவை எதிர்க்கும் வசதி 2025 பிப்ரவரியில் போல்டு நெறிமுறையோடு வந்தது. இரண்டாம் அடுக்குகளை மதிப்பிடும் எல்2பீட் தளம் 0, 1, 2 என்று நிலைகளாக வகுப்பது இத்தகைய வேறுபாடுகளைத்தான். உங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். கணக்கீடு சரியென்று முன்பே நிறுவும் ஸ்டார்க்நெட் போன்ற செல்லுபடிச் சான்று ரோல்அப்களில், பிழைச் சான்று முறைக்கு வேண்டிய சுமார் 7 நாள் எதிர்ப்புக் காலம் தேவையில்லை என்பது பெரும் நன்மை. ஆயினும் கணக்கீடு சரியானது என்று காட்டும் சான்று, உங்கள் பரிவர்த்தனை விடுபடாமல் சேர்க்கப்படும் என்பதற்கு உறுதி தருவதில்லை.

மறுமொழி 3

பிட்காயினின் லைட்னிங் வலைப்பின்னலையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அங்கே சீக்குவென்சரே இல்லை. பிளாக்செயினுக்கு வெளியே பணம் பரிமாற இருவர் திறக்கும் கட்டணத் தடங்கள் ஒன்றோடொன்று இணைந்து வலையாகின்றன. ஆனால் பணம் கடந்துசெல்ல ஒவ்வொரு தடத்திலும் போதிய இருப்பு வேண்டியிருப்பதால், பெரிய கணுக்களை நோக்கியே போக்குவரத்து குவிகிறது. மேலும், எதிர்த்தரப்பு பழைய இருப்புக் கணக்கைப் பதிவுசெய்து ஏமாற்றாதபடி நீங்களோ உங்கள் சார்பில் ஒரு காவல் சேவையோ கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அட்டவணையின் முதல் பத்தியை மாற்றிவிட்டேன்: சீக்குவென்சரை இயக்கும் நிறுவனம் நாளையே அதை நிறுத்திவிட்டால், யாருடைய அனுமதியும் இன்றிப் பயனர் எத்தனை நாளில் வெளியேற முடியும்? ஒரு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. எத்தீரியம் வழியாக வெளியேறும் கட்டணம், சிறு பயனரின் மொத்த இருப்பையே மிஞ்சிவிடாதா?

மறுமொழி 2

நெரிசல் மிகுந்த நாளில் மிஞ்சிவிடும். பலர் ஒரே நேரத்தில் வெளியேற முயலும் நாளும் அத்தகைய நாளாகவே இருக்கும். ஆகவே வெளியேறும் காலத்தோடு, எவ்வளவு இருப்பு இருந்தால் வெளியேறுவது பயன்தரும் என்பதையும் கணக்கிட்டு எழுதுங்கள்.