கிகாலில அந்த ஸ்கூல் கேட்

ருவாண்டால 3 வருஷம் ஒரு காலேஜ்ல வாத்தியாரா இருந்தேன். முதல் ஏப்ரல்ல எனக்கு ஒண்ணும் தெரியாது, 7ஆம் தேதி மத்தியானம் காய்கறி வாங்கக் கிளம்பினா கடையெல்லாம் ஷட்டர் போட்டிருக்கு, எங்கயும் பாட்டுச் சத்தம் இல்ல. வழக்கமா வர்ற டாக்சிக்காரர்கிட்ட என்ன ஸ்ட்ரைக்கான்னு கேட்டுத் தொலைச்சேன்.

அவர் பேசாம தலைநகர் கிகாலியோட கிச்சுகிரோ ஏரியால ஒரு ஸ்கூல் கேட்டுக்கிட்ட வண்டிய ஓரங்கட்டினார். 1994 ஏப்ரல் 7லதான் ஹூட்டு தீவிரவாதிங்க டுட்சி இன மக்களைக் கூட்டம் கூட்டமா கொல்ல ஆரம்பிச்சாங்க, அதோட நினைவு நாள் அன்னிக்கு. அந்த வருஷம் அவருக்கு 9 வயசாம். உள்ள ஐ.நா.வோட பெல்ஜியம் சோல்ஜர்ஸ் கேம்ப் இருந்ததால இங்க வந்தா உயிர் பொழைக்கலாம்னு சுமார் 2000 பேர் வந்து உக்காந்திருக்காங்க, வெளிய வெட்டுக்கத்தியோட கும்பல் காத்துக்கிட்டு நிக்குது. 11ஆம் தேதி முதல்ல வெள்ளைக்காரங்கள ஏத்தி அனுப்பிட்டாங்க, அப்புறம் சோல்ஜர்ஸும் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புறாங்க, போகாதீங்கன்னு ஜனம் வண்டி முன்னாடி படுத்துச்சாம், வானத்தைப் பார்த்துச் சுட்டு விலக்கிட்டுப் போய்ட்டாங்க. அன்னிக்கே அத்தனை பேரையும் நியான்சா மேட்டுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போய் கொன்னாங்க, பொழைச்சவங்க ரொம்பக் கொஞ்சம். அவர் எப்படித் தப்பிச்சார்னு நான் கேக்கல. பேசி முடிக்கிற வரைக்கும் இன்ஜினை ஆஃப் பண்ணவே இல்ல மனுஷன்.

இன்னொரு கொடுமை, அதுக்கு 10 நாள் கழிச்சு, ஏப்ரல் 21ல, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் ருவாண்டால இருந்த தன் படையை 270 பேரா குறைக்கச் சொல்லித் தீர்மானம் போட்டுச்சு. கொலை உச்சத்துல இருக்கும்போது!

---

சார், நீங்க எழுதினதைப் படிச்சேன், நானும் ஐ.நா. அமைதிப்படைல நீலத் தொப்பி போட்டவன்தான், அதனால சொல்றேன், சோல்ஜரை மட்டும் திட்டாதீங்க, ஆர்டர் மேலேர்ந்து வரும். அதே கிகாலில ம்பாயே டியாங்னு ஐ.நா.வுக்காக வந்த ஒரு செனகல் நாட்டு கேப்டன், கையில துப்பாக்கி கூட கிடையாது, செக்போஸ்ட்ல சிரிச்சுப் பேசிப் பேசியே ஜனத்தைத் தன் வண்டியில கடத்திக் காப்பாத்தினார், மே 31ல ஷெல் விழுந்து போய்ட்டார்.

நான் இருந்தது தெற்கு சூடான். 2013 டிசம்பர்ல அதோட தலைநகர் ஜூபால சண்டை ஆரம்பிச்சதும் மெத்தை, பக்கெட், கைக்குழந்தையோட ஜனம் எங்க ஐ.நா. கேம்ப் வாசலுக்கு வந்துச்சு, கேட்டைத் திறந்து விட்டோம். திறக்கிறது ஈஸி, அப்புறம் தண்ணி, கக்கூஸ்னு படாத பாடு. அதே மாசம் 19ஆம் தேதி அகோபோங்கற ஊர்ல இருந்த ஐ.நா. கேம்ப்ல தஞ்சம் புகுந்த டிங்கா இனத்து ஆளுங்களத் தேடி நூவேர் இனத்துக் கும்பல் உள்ள புகுந்துச்சு, நம்ம இந்திய ஜவான் 2 பேர் உயிரை விட்டாங்க.

எங்க தண்ணி க்யூல ஒரு பாட்டி தினம் என்னைப் பார்த்து ஒரே கேள்வி, எப்ப கிளம்புறீங்கன்னு. இடத்தைக் காலி பண்ணச் சொல்லுதுன்னு நினைச்சேன். இன்டர்பிரட்டர் சொல்லித்தான் புரிஞ்சுது, விட்டுட்டுப் போய்டுவோமோன்னு பயந்து கேக்குது.