ஆமணக்கை இரண்டடிக்கு ஒன்றாக நட்டுவிட்டேன், பாதியைப் பிடுங்கலாமா?

நிபோங் திபால் பையன்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் சும்மா கிடந்ததால் ஆமணக்கு போட்டேன். செடி அதிகமானால் காயும் அதிகம் என்று கணக்குப் போட்டு நாலாப்புறமும் இரண்டடி விட்டு நட்டேன். இப்போது நாலு மாதம். செடி என் தலைக்கு மேல் போய்விட்டது, ஆனால் கிளையே இல்லை, உச்சியில் ஒரே ஒரு குலை, அதிலும் பல குலை சாம்பல் பூத்த மாதிரி அழுகுகிறது. சேலத்து மாமா போனில் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். அங்கே 4 அடிக்கு 3 அடி விடுவார்களாம். அவ்வளவு விட்டால் நிலம் வீண்தானே?

பழைய கிராணி:
தம்பி, செம்பனையை, அதுதான் பாமாயில் மரத்தை, 9 மீட்டர் விட்டு முக்கோணமாக வைத்தால் ஹெக்டருக்கு 143 மரம்தான் வரும். கன்றாக இருக்கும்போது பொட்டல் மாதிரித் தெரியும், அதை யாராவது வீண் என்கிறோமா? ஆமணக்கில் முதல் குலை தண்டின் நுனியில் வரும், அதற்குக் கீழே கணுவில் கிளை விட்டு இரண்டாம் குலை, அந்தக் கிளையில் கிளை விட்டு மூன்றாம் குலை. நெருக்கினால் நிழலில் கிளை வராது, செடி வெயிலைத் தேடி மேலே ஓடும், முதல் குலையோடு சரி. அதற்காக அகலமாக விட விட விளைச்சல் ஏறும் என்றும் இல்லை. செடிக்குக் காய் கூடும், ஆனால் நிலத்தில் செடி குறையுமே. கிளை அதிகம் விடாத குட்டை ரகமாக இருந்தால் நெருக்கலாம், குலைகளும் ஏறக்குறைய ஒன்றாக முற்றும்.

சேலத்துப் பக்கம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் ஒய்ஆர்சிஎச் 1 என்ற வீரிய ஒட்டு ஆமணக்கு ரகத்துக்கு மானாவாரியில் 120க்கு 90 செ.மீ. (உன் மாமா சொன்ன அளவுதான்), இறவையில் 150க்கு 120 செ.மீ. என்பார்கள். தண்ணீர் கிடைத்தால் செடி பரவும், அதனால்தான் கூடுதல் இடம். நம் பினாங்கு மழைக்கு எது பொருந்தும், நீயே சொல்.

செந்தூல் அக்கா:
அந்தச் சாம்பல் பூஞ்சண அழுகல்தான், தம்பி. ஈரக் காற்று தேங்கினால் குலைக்குக் குலை தாவும். காற்றோட்டம் இருந்தால் குறையும், ஆனால் விடாத மழையில் இடைவெளி மட்டும் காப்பாற்றாது. அழுகினதை வெட்டி எரித்துவிடு. அப்புறம் கொட்டை விஷம், சின்னப் பிள்ளைகளும் ஆடும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

நிபோங் திபால் பையன்:
சரி, ஒன்றுவிட்டு ஒரு வரிசை எடுத்தால் போதுமா அண்ணே?

பழைய கிராணி:
போதாது. உன் கால் ஏக்கரில் இப்போது சுமார் 2,700 செடி இருக்கும், மாமா அளவுக்கு 900தான். மூன்றில் இரண்டு போக வேண்டும். நாலு மாதச் செடி என்பதால் முழுசாகக் கிளைக்காது, கொஞ்சமாவது வரும். ஓரத்தில் நாலு வரிசையை அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு இடத்தில் காய்ந்த கொட்டையை நிறுத்துப் பார். ஒரு செடியின் எடையை வைத்துக் கணக்குப் போடாதே, ஏமாந்துவிடுவாய்.

நிபோங் திபால் பையன்:
1,800 செடியை வெட்டப் போகிறேன் என்று அப்பாவிடம் யார் சொல்வது? குழி தோண்டினதே அவர்தான்.