மருந்துக்குத் தப்பும் ‘பெர்சிஸ்டர்’ பாக்டீரியா: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புடையீர்,
புதிய ஆன்டிபயாட்டிக் ஆய்வுகள் பற்றிய அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இடறுகிறது. ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதற்கு ‘மருந்தெதிர்ப்பு’ என்று போட்டாயிற்று. 1944இல் பாக்டீரியா ஆய்வாளர் ஜோசப் பிக்கர் பெயரிட்ட ‘பெர்சிஸ்டர்’ வேறு. பெனிசிலினுக்குச் சில ஸ்டஃபைலோகாக்கஸ் செல்கள் தப்பின. அவற்றை மீண்டும் வளர்த்தால், வாரிசுகள் அதே மருந்தில் பழையபடி மடிந்தன. ‘தாக்குப்பிடி செல்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

———
அது ‘டாலரன்ஸ்’க்கு (செல்கள் எல்லாமே மருந்தில் மெதுவாகச் சாவதற்கு) வேண்டிய சொல், இங்கே செலவழிக்காதீர்கள். வளராமல் கிடந்துதானே தப்புகின்றன? ‘துஞ்சி’ எனலாம். கொல்லி, உண்ணி போல இகர விகுதி.

———
ஐயா, ‘குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்’ என்ற சோழ மன்னன் அங்கே தூங்கிக்கொண்டா இருந்தான்? செத்தான். ‘துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்’ என்று வள்ளுவரே சொல்லியாயிற்று. சாகாத செல்லுக்கு அந்தப் பெயரா? ‘எஞ்சி’ போதும்.

———
> ‘எஞ்சி’ போதும்

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘மருந்தை நிறுத்தியதும் எஞ்சி பெருகும்.’ மாணவர் வினையெச்சம் என்றுதான் எடுப்பார். (அந்தக் குறளில் நஞ்சும் வருகிறது, உண்மைதான். ஆனால் அது கள்ளுண்ணாமை அதிகாரம், நுண்ணுயிரியல் அல்ல.)

———
வினையெச்சமானால் ‘எஞ்சிப் பெருகும்’ என்று ஒற்று மிகும். மிகவில்லை, ஆகவே பெயர். இதில் என்ன குழப்பம்?

———
வகுப்பில் காதால் கேட்பவருக்கு ஐயா?

———
நன்றி, நண்பர்களே. ‘உறங்கு செல்’ என்றே போடுகிறேன், மூவர் சம்மதித்துவிட்டார்கள். அத்தியாயத்தில் அடுத்து வருவது 2013இல் வெளியான ஏடெப்4 (ADEP4) என்ற மருந்துப்பொருள் பற்றிய ஆய்வு. பெனிசிலின், செல் தன் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுப்பது. கட்டாமல் கிடக்கும் செல்லிடம் அதற்கு என்ன வேலை? ஏடெப்4 அப்படியில்லை. புரதம் வெட்டும் ஒரு நொதியின் வாயைத் திறந்துவிடுகிறது. அது கண்டபடி வெட்ட, செல் தன் புரதங்களையே தின்று சாகிறது. அந்தப் பத்தியில் உறக்கம் என்ற சொல் இருந்தால்தான் படிப்பவருக்குப் பிடிபடுகிறது.

———
அனுப்புங்கள். என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பிக்கர் கண்டது தப்பிப் பிழைத்ததை. உறக்கம் அதற்குச் சொல்லும் விளக்கம். உறங்காமலே தப்பும் செல்களும் உண்டு என்று ஆய்வுகள் வந்தபடி இருக்கின்றன. காரணப்பெயர் வைத்தபின் காரணம் கழன்றுகொண்டால் என்ன செய்வீர்கள்? அடுத்த பதிப்பில் ‘எஞ்சி’யோடு வருகிறேன்.