வெள்ளி ராத்திரி வண்டி, திங்கள் காலை வகுப்பு: தாம்பரத்திலிருந்து கோவில்பட்டிக்கு வார இறுதியில் போய் வருவது எப்படி?

கரிசல்பிள்ளை:
தாம்பரம் பக்கம் ஹாஸ்டல், இன்ஜினியரிங் மூன்றாவது செமஸ்டர். திங்கள் முதல் வெள்ளி வரை 8.30 – 4.30 வகுப்பு, செவ்வாயும் வியாழனும் மதியம் லேப். மாதம் ஒரு தடவையாவது கோவில்பட்டிக்குப் போய் வர வேண்டும். தட்கலில் டிக்கெட் சிக்குவதில்லை. சிக்கினாலும் லேப் ரெக்கார்டு நோட்டும் கூடவே ஊருக்கு வருகிறது, சனியும் ஞாயிறும் அதிலேயே கழிகிறது. அம்மா கொடுத்துவிடும் புளிக்காய்ச்சல் பத்தே நாளில் பூசணம் பிடித்துவிடுகிறது. அண்ணன்மார், அக்காமார் வழி சொல்லுங்கள்.

தண்டவாளம்:
தம்பி, தட்கலை மறந்துவிடு. வெள்ளிக்கிழமை வண்டிக்கு ஏசி தட்கல் வியாழன் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பர் 11 மணிக்கும் திறக்கும். இரண்டு நேரத்திலும் நீ வகுப்பில் இருப்பாய். கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் பணமும் திரும்பாது.

முன்பதிவு 60 நாளுக்கு முன், காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பரிலிருந்து இதுதான் கணக்கு, அதற்கு முன் 120 நாள். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். 60 என்பது எட்டு வாரமும் நான்கு நாளும். அதனால் வெள்ளி வண்டிக்கு எப்போதும் ஒரு திங்கள் காலையில் திறக்கும், ஞாயிறு ராத்திரி திரும்பும் வண்டிக்கு அதே வாரம் புதன் காலையில் திறக்கும். உதாரணமாக 2025 அக்டோபர் 31 வெள்ளி வண்டிக்கு செப்டம்பர் 1 திங்களன்று திறந்தது. 8.30 வகுப்புக்கு முன் வேலை முடிந்துவிடும். செமஸ்டர் தொடங்கி கல்லூரி காலண்டர் கையில் கிடைத்த அன்றே இன்டர்னல் தேர்வு வாரங்களை அடித்துவிட்டு, மிச்சத்தில் மூன்று நான்கு வாரங்களுக்கு இந்தத் திங்களையும் புதனையும் போனில் அலாரமாக வைத்துவிடு. திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போடாதே. ஞாயிறு ராத்திரி தெற்கே இருந்து எல்லாரும் சென்னைக்குத்தான் வருவார்கள்.

நெல்லை (12631), கன்னியாகுமரி (12633), முத்துநகர் (12693) மூன்றும் கோவில்பட்டியில் நிற்கும். திரும்பி வர 12632, 12634, 12694. டிக்கெட்டை எழும்பூரிலிருந்து எடுத்து, போர்டிங்கை (ஏறும் ஸ்டேஷனை) தாம்பரம் என்று போடு. அப்படிப் போட்டபின் எழும்பூரில் ஏற உனக்கு உரிமை இல்லை, அதை நினைவில் வை. படுக்கை கேட்கும்போது மேல் பெர்த் கேள். எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் படுக்கலாம், யாருக்கும் இடம் விட வேண்டியதில்லை.

நோட்டுப்பக்கம்:
ரெக்கார்டு ஊருக்கு வருவதற்குக் காரணம் ரெக்கார்டு இல்லை, லேபில் ரீடிங் குறிக்கும் அப்சர்வேஷன் நோட்டு. லேப் முடிந்த கையோடு ரீடிங்கில் கையெழுத்து வாங்காமல் விட்டால், அது வரும்வரை ரெக்கார்டில் கணக்குப் பக்கம் காலியாகவே கிடக்கும். கையெழுத்து வாங்காமல் லேபை விட்டு வெளியே வராதே.

அடுத்த லேபுக்கான நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. வலப்பக்கம் கோடு போட்ட தாளில் இவற்றையும், இடப்பக்கம் வெள்ளைத் தாளில் பென்சில் படத்தையும் ஞாயிறே (ஊருக்குப் போயிருந்தால் திங்களில்) முடித்து வைக்கலாம். லேப் அன்று ராத்திரிக்கு மிச்சம் அட்டவணை, கணக்கு, கிராஃப், முடிவு மட்டும்தான். அது ஒரு மணி நேர வேலை, ரீடிங் எடுத்த நினைவும் பசுமையாக இருக்கும். ஊருக்குப் போகும் வாரம் வியாழன் ராத்திரியே அசைன்மென்ட் உட்பட எல்லாம் மூடிவிட வேண்டும். வெள்ளி மாலை உனக்குப் பை கட்ட மட்டும்தான் நேரம். ஓடும் வண்டியில் எழுதலாம் என்று நினைக்காதே, கிராஃப் கோடு ஒன்றுகூட நேராக வராது.

துணியையும் சொல்லிவிடுகிறேன். அழுக்குத் துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் விடிவதற்குள் முடைநாற்றம் ஏறிவிடும். கொடியில் உலர்த்திவிட்டுத் துணிப்பையில் வை. ஜீன்ஸை வீட்டில் துவைப்பதானால் சனி காலையே நனைத்துவிடு. ஞாயிறு துவைத்தால் இடுப்புப் பட்டை காயாது.

வண்டி தாமதமாவதையும் கணக்கில் எடு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு ஒரு செமஸ்டரில் 45 பீரியட். 75% அட்டெண்டன்ஸ் என்றால் 34 வர வேண்டும், 11 தான் விடலாம். திங்கள் முதல் பீரியடுக்கு எந்தப் பாடம் என்று பார்த்துக்கொள். அந்தப் பாடத்துக்கு வேறு நாளில் லீவு போடாதே.

செக்கெண்ணெய்:
புளிக்காய்ச்சலுக்கு வருவோம். பூசணம் பிடிக்கிறதென்றால் உள்ளே தண்ணீர் மிச்சமிருக்கிறது, அல்லது ஈரக் கரண்டி போயிருக்கிறது. 100 கிராம் புளிக்கு 100 மில்லி நல்லெண்ணெய் வேண்டும். அம்மா பாதிதான் ஊற்றுகிறார்களா என்று கேட்டுப்பார். கரைசல் சுண்டி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, நடுவே கொப்புளம் சளப்சளப்பென்று கனமாக வெடிக்கும்வரை அடுப்பு எரிய வேண்டும். நுரை நுரையாகக் கொதித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது.

ஞாயிறு மதியம் செய்து சூட்டோடு பாட்டிலில் அடைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தப்பு. ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்து, திரும்ப மேலேயே சொட்டும். முதல் பூசணம் அந்த இடத்தில்தான் வரும். சனிக்கிழமையே செய்து, மெல்லிய துணி மூடி ராத்திரி முழுக்க ஆறவிட்டு, வெயிலில் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு, மேலே விரற்கடை எண்ணெய் நிற்கும்படி விடச் சொல். ஹாஸ்டலில் பெரிய பாட்டிலைத் தினமும் திறக்காதே. மூன்று நாளுக்கு வேண்டியதை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டால் கைபடுவது அதோடு நிற்கும்.

பருப்புப் பொடியில் கறிவேப்பிலை கையால் நொறுங்கும் அளவுக்கு வறுபட்டிருக்க வேண்டும். பூண்டு போட்டால் சீக்கிரம் வாடை மாறும், மாதம் தாங்க வேண்டுமானால் பூண்டு வேண்டாம், பெருங்காயம் போதும்.

ஞாயிறு ராத்திரி வண்டிக்குப் பொடி தடவிய இட்லி எடுத்துப் போ. இட்லி நன்றாக ஆறியபின் நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இரு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்ட வேண்டும். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது, வண்டி வருவதற்குள் நூல் விட்டுவிடும். தயிர்சாதம்தான் வேண்டுமென்றால், குழைத்த சோற்றில் பாலை நிறைய ஊற்றி ஒரே ஒரு கரண்டி தயிர் விடச் சொல். சாப்பிடும் நேரத்துக்குப் பதமாகத் தோய்ந்திருக்கும்.

ஊர்க் கடலைமிட்டாய் (2020இல் புவிசார் குறியீடு வாங்கியது அல்லவா!) வாங்கி வந்தால் காற்றுப் புகாத டப்பாவில் வை. வெல்லப்பாகு சென்னைக் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும்.

கரிசல்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. அம்மா பாதி எண்ணெய்தான் ஊற்றுகிறார்களாம், இப்போதுதான் கேட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றால்?

தண்டவாளம்:
ஆர்ஏசி ஆகியிருந்தால் தைரியமாக ஏறு. சைடு லோயரில் இரண்டு பேருக்குப் பாதிப் பாதி உட்கார இடம் உண்டு. சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங் என்றால் ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகும், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். அதை வைத்து ஏறக் கூடாது.

அப்படியானால் போகும்போது கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் போய் மதுரை பஸ் பிடி. கோவில்பட்டிக்கு நேர் பஸ்ஸுக்காகக் காத்திருக்காதே. மதுரை மாட்டுத்தாவணி ஸ்டாண்டில் இறங்கினால் அங்கிருந்து திருநெல்வேலி பஸ், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஏறும் முன் "கோவில்பட்டி ஸ்டாண்டுக்குள்ள போகுமா, பைபாஸ்லயே போயிருமா" என்று கண்டக்டரிடம் கேட்டுவிடு. திரும்பும்போதும் இதே வழிதான். ஆனால் ஞாயிறு மாலை 6 மணிக்குள் கோவில்பட்டியை விட்டுக் கிளம்பிவிடு.