புளியரை ஏற்றத்தில் என் ஏஎம்டி காருக்கு வந்த விக்கல்

கார்த்திகை மாதத்தில் ஒரு கல்யாணத்திற்காகப் பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகப் புனலூருக்குப் போனோம். தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆயிரம் சிசி ஏஎம்டி காரில் ஐந்து பேர். டிக்கியில் இடமில்லாமல் ஒரு பையை மடியில் வைத்திருந்தோம். ஐயப்ப பக்தர்களின் வேன்களும், பாரம் ஏற்றிக்கொண்டு கேரளத்திற்குப் போகும் டிப்பர்களும் சேர்ந்து நகரும் பருவம் அது.

புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போதுதான் தொல்லை தொடங்கியது. வளைவுக்காக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், வண்டி இனிச் சமதளத்தில்தான் ஓடப்போகிறது என்று நினைத்ததைப் போல மூன்றாவது கியருக்குப் போனது. வளைந்து முடித்து மிதித்தால், இழுவை போதாமல் ஒரு கணம் யோசித்து, தலையை முன்னே தள்ளும் குலுக்கலோடு இரண்டுக்கு இறங்கியது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் மறுபடி மூன்று, மறுபடி இரண்டு. பின்னால் இருந்த மாமியார், "என்ன மாப்ள, வண்டி விக்கல் எடுக்கு?" என்று கேட்டார். அதைவிடச் சரியாக நான் இன்றுவரை யாரிடமும் விளக்கியதில்லை.

ஏஎம்டி என்பது சாதாரண கியர்பெட்டிதான். கிளச்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு கணினி இயக்குகிறது. ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் கிளச் விலகுவதால் அந்தக் கணத்தில் சக்கரத்திற்கு விசை போவதில்லை. ஏற்றத்தில் அதற்குள்ளேயே வேகம் விழுந்துவிடுகிறது. மிதியின் அளவையும் வேகத்தையும் இன்ஜின் சுழற்சியையும் கணக்கிடும் அந்தக் கணினிக்கு, முன்னே வரும் வளைவு கண்ணில் படாது.

அதைவிடப் பெரிய தவறு நான் செய்தது. முன்னால் போன டிப்பர் நின்றதும், பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே வண்டியைச் சரிவில் பிடித்து வைத்திருந்தேன். டயருக்குக் கட்டை போட இறங்கிய கிளீனர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அண்ணாச்சி, காலை எடுத்துட்டு ஹேண்ட் பிரேக்கப் போடுங்க, கிளச்சு கருகுது" என்றார். அதன்பிறகுதான் அந்த நாற்றம் என் வண்டியுடையது என்று உறைத்தது. பாதி ஒட்டியும் ஒட்டாமலும் உராயும் கிளச் தட்டுக்குச் சூடு தாங்காது. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, அது ஆறும்வரை காத்திருந்தேன்.

அதற்குமேல் மேனுவல் முறைக்கு மாற்றி, ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே இரண்டாவது கியரை நானே போட்டுவிட்டு, அதிலேயே நிறுத்தி ஏறினேன். இன்ஜின் சத்தம் கூடுதலாகக் கேட்டாலும் குலுக்கல் ஒழிந்தது. கோட்டைவாசல் கருப்பசாமி கோயில்வரை ஒரு விக்கல்கூட இல்லை.

மச்சினரின் காரில் டார்க் கன்வெர்ட்டர் என்ற வேறு வகைத் தானியங்கி கியர்பெட்டி. எண்ணெய் வழியாக விசை கடத்தப்படுவதால் அதில் இந்த வெட்டு தெரிவதில்லை. ஆனால் அதுவும் மலையில் கியரை மாற்றி மாற்றித் தேடும். அப்போது சூடேறுவது கிளச்சுக்குப் பதில் எண்ணெய். என்னைக் கேட்டால், மலைக்கு அதுவே மேல், விலைதான் இடிக்கிறது.

திரும்பி வரும்போது அதே எஸ் வளைவில், தானே கியர் மாற்றும் 'டி'யில் விட்டால் இறக்கத்தில் கியர் மேலே போய் முழுப் பாரமும் பிரேக்கின் மீது விழும் என்பதால், ஏறிய இரண்டாவது கியரிலேயே இன்ஜினைக் கொண்டு வேகத்தைப் பிடித்து இறங்கினேன். மாமியார் இம்முறை எதுவும் கேட்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.