கூடைப்பந்தில் ‘சென்டர்’: மையரா, தூணா, கந்தா?

சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள கலைச்சொல் மடற்குழுவினருக்கு, வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கான விளையாட்டு நூல் ஒன்றுக்காக, தொழில்முறைக் கூடைப்பந்தில் ‘சென்டர்’ எனப்படுபவரின் முதன்மையைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றச் சொற்களெல்லாம் ஒருவாறு அமைந்துவிட்டன. கட்டுரை யாரைப் பற்றியதோ அவருக்குத்தான் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ‘நடுவர்’ என்பது ஊதலோடு நிற்பவரின் பெயர். ‘நடுக்கள வீரர்’ கால்பந்துக்குப் போய்விட்டது. ‘மைய ஆட்டக்காரர்’ என்று எழுதினால், படிக்கும் பிள்ளை அவரை ஆடுகளத்தின் நடுவட்டத்தில் தேடும். அவரோ பெரும்பாலும் கூடைக்கு அருகில் நிற்கிறார்.

இம்முரணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமைத்த இவ்வாட்டத்தில், முற்காலத்தில் கூடை விழும் ஒவ்வொரு முறையும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து இருவருக்கிடையே மேலே எறிவார்கள். எழும்பி அதைத் தட்டும் நெட்டையரே சென்டர். கல்லூரி ஆட்டங்களில் 1937இல் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. காரணம் மறைந்துவிட்ட பெயரை அப்படியே பெயர்ப்பதைவிட, இன்று அவர் செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பதே முறை என்று எனக்குப் படுகிறது. உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து தமிழாசிரியர்

‘மையர்’ என்று எவரேனும் முன்மொழிவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: மையம் என்பது ‘மத்தியம்’ என்னும் வடசொல்லின் திரிபு என்பதே என் கருத்து. ‘நடுவன்’ என்றால் நிகண்டுகளில் எமன். ‘நடுவண்’ இடப்பொருள் உணர்த்தும் சொல். ‘நடுவண் ஐந்திணை’ என்று தொல்காப்பியம் ஆள்வதைக் காண்க. அதை ஆள்பெயராக்க என் செவி ஒப்பவில்லை.

நான் முன்வைப்பது ‘கந்து’ என்னும் சொல்லை. யானையைப் பிணிக்கும் தறிக்கு அது பெயர். முருகன் உறையும் இடங்களை அடுக்கிச் சொல்லும் திருமுருகாற்றுப்படை ‘கந்துடை நிலை’யையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. தொல்காப்பியத்துக் ‘கந்தழி’க்குப் பற்றுக்கோடின்றித் தானே நிற்கும் பொருள் என்று நச்சினார்க்கினியர் உரை கண்டாரெனின், கந்து என்பது பற்றுக்கோடாகும். கந்தன் என்னும் பெயரையும் இவ்வேரிலிருந்தே கொள்வாரும் உண்டு. அதைத் தனி மடலில் விரிப்பேன். ஊன்றி நிற்பதும் பிறர்க்குப் பற்றாக இருப்பதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. அவரைக் ‘கந்தாளர்’ என்போம்.

திண்டுக்கல்லிலிருந்து பயிற்றுநர்

ஐயா, சொல்லின் தொன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மாணவிகள் ‘கந்து’ என்பதைக் கந்துவட்டியில் மட்டுமே கேட்டவர்கள். கடனால் நொந்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் ஆட வருகிறார்கள். அச்சொல்லை அவர்களில் ஒருத்திக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

நான் நாள்தோறும் பார்ப்பதைச் சொல்கிறேன். சனிக்கிழமை மாலைப் பயிற்சியில், எங்கள் அணியின் உயரமான பெண் கூடைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடித்து, பின்னால் நெருக்குபவளின் எடையை இடுப்பில் தாங்கியபடி ஒரு கையை உயர்த்திப் பந்து கேட்டாள். பந்து வந்ததும் வலக்கால் ஊன்றியது ஊன்றியபடி இருக்க, இடக்கால் மட்டும் அரைவட்டம் சுற்றியது. எதிரணியில் இருவர் அவள்மேல் சாய்ந்த நொடியில், மூலையில் தனியே நின்ற தோழிக்குப் பந்து போய்விட்டது. அவளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மற்றவர்களைக் கேட்டேன். இருவர் ‘தூண்’ என்றார்கள். ஆங்கிலத்திலும் அவ்விடத்தை ‘போஸ்ட்’, அதாவது கம்பம், என்பதுண்டு என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்த இடத்தின் எடையை உணர வேண்டுமானால் களத்தின் கோடுகளைப் பாருங்கள். ஜார்ஜ் மைக்கன் என்னும் சென்டர் கூடையருகே நின்று ஆட்டத்தையே தன்வயமாக்கியதால், அவரைத் தள்ளி நிறுத்த, 6 அடி அகலமிருந்த கூடைமுன் பகுதியை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ. 1951இல் 12 அடியாக்கியது. வில்ட் சேம்பர்லின் என்னும் மற்றொரு சென்டர் வந்த பின் 1964இல் அது 16 அடியானது. பில் ரஸ்ஸல் என்னும் சென்டர் பாஸ்டன் அணிக்காக ஆடிய 13 பருவங்களில் 11 பட்டங்கள் வந்தன. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் 1984 தேர்வில் முதலிரு அணிகள் ஹக்கீம் ஒலஜுவான், சாம் பூவி என்னும் இரு சென்டர்களை எடுத்த பின்பே மைக்கேல் ஜோர்டன் மூன்றாமவராகச் சிகாகோவுக்குக் கிடைத்தார். இத்தனை தேடப்பட்ட ஒருவருக்குப் பிள்ளைகளே வைத்த பெயர் போதும் என்பேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து உடற்கல்வி ஆசிரியை

எங்கள் பெண் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டத்திலும் (நெட்பால்) சென்டர் உண்டு. அவர் களம் முழுதும் ஓடிப் பந்தைக் கடத்துபவர். எய்யும் வட்டத்துக்குள் நுழைய அவருக்கு விதியில் இடமில்லை. உயரத்தால் உலகறிந்த இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் ஆடியது வளையத்தருகே நின்று எய்பவராக. ஆகவே ‘மையம்’, ‘மத்தியம்’ எதுவாயினும், இரண்டு ஆட்டங்களையும் கற்கும் பிள்ளை குழம்பும் என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

கோவையிலிருந்து பதிப்பாசிரியர்

‘தூண்’ நகராது என்பதே என் தடை. இவ்விடத்துக்கு ஆங்கிலத்தில் ‘பிவட்’ என்னும் பெயரும் வழங்கியது. அதன் சுழற்சிப் பொருளைத் தமிழில் ‘அச்சாணி’ தருகிறது. 2012இல் என்.பி.ஏ. நட்சத்திர ஆட்டத்தின் வாக்குச்சீட்டிலிருந்தே சென்டர் என்னும் வகையை நீக்கியது. ஆனால் 2021 முதல் 2024 வரை ஆண்டின் மதிப்புமிகு ஆட்டக்காரர் விருதை நிகோலா யோகிச் மூன்று முறையும் ஜோயல் எம்பீட் ஒரு முறையும் வென்றார்கள், இருவரும் சென்டர்கள். 2014 தேர்வில் 41ஆவதாகவே எடுக்கப்பட்ட யோகிச், கூடையிலிருந்து விலகி நின்று முழு அணியையும் தன் பந்துகடத்தலால் சுழல வைக்கிறார். ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்னும் குறளுக்கு அவர் எத்தனை பொருத்தம்!

தமிழாசிரியர்

கோவைப் பதிப்பாசிரியர் அம்மையாருக்கு: சக்கரம் சுழல்வது அச்சைப் பற்றி, அச்சாணியோ அது கழன்றுவிடாமல் காக்கும் கடையாணி. குறள் போற்றுவதும் அதன் சிற்றுருவையே. 7 அடி உயர ஆளுக்கு அது எவ்வாறு பொருந்தும்? சுழற்சிதான் வேண்டுமெனில் ‘அச்சு’ என்றிருக்க வேண்டும். அதுவோ இன்று அச்சகத்துக்குப் போய்விட்டது. கந்துவட்டியைக் காட்டிக் கந்தை விலக்குவதும் சரியன்று. ஒரு தீய வழக்கத்துக்காக ஈராயிரம் ஆண்டுச் சொல்லைக் கைவிடலாமா?

மொழிபெயர்ப்பாளர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. தனி மடல்களையும் சேர்த்து எண்ணினால் ‘தூண்’ பக்கம் ஐவர், ‘அச்சாணி’ பக்கம் இருவர், ‘கந்து’க்கு ஒருவர், எப்படியாவது முடியுங்கள் என்று எழுதியவர்கள் மூவர். நூலில் முதல் இடத்தில் ‘சென்டர் எனப்படும் தூண் ஆட்டக்காரர்’ என்றும், பின்னர்த் ‘தூண் ஆட்டக்காரர்’ என்று மட்டும் எழுதுகிறேன். யோகிச்சைப் பற்றிய பத்தியில் இச்சொல் சற்றே முரண்டுகிறது; அவர் நகரும் விதத்தை இரண்டு வரி கூடுதலாக விளக்கிவிட்டேன்.

தமிழாசிரியர்

என் முன்மொழிவை நான் திரும்பப் பெறவில்லை. மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன். இப்போதைக்கு ஒரு திருத்தம்: ‘தூணாட்டக்காரர்’ என்று புணர்த்தி அச்சிடுங்கள். இடைவெளி விட்டால், வரி முடிவில் தூண் ஒரு பக்கமும் ஆட்டக்காரர் மறுபக்கமும் போய்விடுவார்கள்.