நெஃப்ராடிக் உள்ள பையன்: ஹோமியோபதிக்காக ஸ்டீராய்டை நிறுத்தலாமா?

மாடிவீட்டு மல்லி:
பையனுக்கு ஆறு வயது. நாலு வயதில் ஒருநாள் காலையில் கண் இரண்டும் வீங்கி எழுந்தான். பூச்சிக்கடி என்று விட்டுவிட்டோம். அந்த வாரமே வயிறும் காலும் உப்பிவிட்டது. நெஃப்ராடிக் சிண்ட்ரோம், சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது என்றார்கள். பிரட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் பத்து நாளில் வற்றிவிடும். அளவைக் குறைத்துக்கொண்டு வரும்போது ஒரு சளி பிடித்தால் போதும், மறுபடி வீக்கம். இது நாலாவது தடவை. முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது, பள்ளியில் 'குண்டு' என்று கூப்பிடுகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குச் சோறு கேட்டு அழுகிறான்.

மாமியார் வழியில் சொல்லி ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் போனோம். ஒன்றரை மணி நேரம் பேசினார். தூக்கத்தில் பல் கடிப்பானா, இருட்டுக்குப் பயப்படுவானா, வயிற்றில் இருக்கும்போது நான் யாரோடாவது சண்டை போட்டேனா என்றுகூடக் கேட்டார். ஏபிஸ் என்று ஒரு மருந்து. ஸ்டீராய்டு ஓடினால் எங்கள் மருந்து பிடிக்காது, அதை நிறுத்திவிடுங்கள், முதலில் வீக்கம் கூடும், பயப்படாதீர்கள் என்கிறார். வீட்டில் எல்லோரும் நிறுத்து என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்ய?

ஓடைமரம்:
சகோதரி, துணிந்து இறங்குங்கள். என் மகளுக்கு இரண்டு வயதில் வீசிங் ஆரம்பித்தது. மாதத்துக்கு இரண்டு முறை நெபுலைசர். ஹோமியோபதி தொடங்கி ஒன்றரை வருடத்தில் நின்றது. இப்போது பத்து வயது, இன்ஹேலர் வீட்டில் எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. அலோபதியில் மூன்று நிமிடம் முகம் பார்த்தாலே அதிசயம். 'ஏன் வருகிறது' என்று கேட்டால் பதில் இல்லை, ஸ்டீராய்டு மட்டும்தான் தெரியும்.

நைட் டூட்டி:
மல்லி அக்கா, நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். முதல் வேலை, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மிச்சத்தை அப்புறம் சண்டை போட்டுக்கொள்வோம்.

காரணம் சொல்கிறேன். ஸ்டீராய்டு மாதிரி ஒன்றை நம் அட்ரினல் சுரப்பியே தினமும் சுரக்கிறது. வெளியிலிருந்து வாரக்கணக்கில் கொடுத்தால் அது ஓய்ந்துவிடும். பக்கத்து வீட்டில் தினமும் சோறு வந்தால் நம் அடுப்பு அணைந்துதானே கிடக்கும்? திடீரென்று அந்தச் சோறு நின்று, அதே நேரம் பையனுக்குக் காய்ச்சலும் வந்தால், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். படிப்படியாகக் குறைப்பது இதற்குத்தான்.

'வீக்கம் கூடும், பயப்படாதீர்கள்' என்பது அதைவிட மோசம். இந்த நோயில் வீக்கம் கூடினால் புரதம் இன்னும் போகிறது என்று அர்த்தம். கிருமியோடு சண்டை போடும் புரதமும் அதில் சேர்ந்தே போகிறது. வயிற்றுக்குள் சீழ் பிடிக்கலாம், ரத்தம் உறையலாம். காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

ஓடைமரம்:
பயமுறுத்தியே பிழைப்பு நடக்கிறது. ஹோமியோபதி மோசடி என்றால் 1973லேயே சட்டம் போட்டு அங்கீகரித்தது எதற்கு? மதுரை பக்கம் திருமங்கலத்தில் அரசே கல்லூரி நடத்துகிறதே, அதுவும் மோசடியா?

ரெண்டாம் ஷிஃப்ட்:
சட்டம் போட்டால் மருந்து வேலை செய்துவிடுமா ஐயா? யார் கிளினிக் வைக்கலாம் என்பதைத்தான் சட்டம் சொல்லும்.

கணக்கை மட்டும் பாருங்கள். தேனீ கொட்டினால் வீங்கும், ஆகவே தேனீயைக் கரைத்துக் கொடுத்தால் வீக்கம் வற்றும், ஏபிஸ் என்பது இதுதான். ஒரு பங்கை 99 பங்கு திரவத்தில் கலக்க வேண்டும், அதில் ஒரு பங்கு எடுத்து மறுபடி கலக்க வேண்டும். முப்பது முறை செய்தால் 30சி. பன்னிரண்டாவது முறை தாண்டினாலே முதலில் போட்டதில் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே சந்தேகம். முப்பதாவதில் 1க்குப் பின்னால் 60 சுழியம் போட்ட மடங்கு நீர்த்துப்போகிறது. தேனீயின் நிழல்கூட இல்லை, சர்க்கரை உருண்டைதான்.

ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன் 1796ல் இதை எழுதியபோது மற்ற டாக்டர்கள் ரத்தத்தை வடித்துக்கொண்டும் பாதரசம் கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். அவரிடம் போனவன் பிழைத்ததில் ஆச்சரியமில்லை, ஒன்றும் செய்யாமல் விட்டதே பெரிய உபகாரம். இப்போது நிலைமை அப்படியா?

உங்கள் மகள் விஷயம் சந்தோஷம். ஆனால் சின்ன வயதில் வீசிங் வரும் குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆறு வயதுக்குள் தானாகவே விட்டுவிடுகிறது. என் அக்கா மகனுக்கும் விட்டது. அவன் சாப்பிட்டது முறுக்கு.

ஓடைமரம்:
நக்கல் வேண்டாம். ஹோமியோபதிக்கு ஆதாரம் இல்லை என்ற ஆஸ்திரேலியா அரசு அறிக்கையைத்தானே அடுத்து நீட்டப்போகிறீர்கள்? 2012லேயே எழுதிய முதல் வரைவைப் பூட்டி வைத்து 2019ல்தான் வெளியிட்டார்கள். ஏன் ஒளித்தார்கள்?

நைட் டூட்டி:
ஒளித்தது தப்புதான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த வரைவிலும் நம்பிக்கை தரும்படி இருக்கிறது என்று ஐந்து நிலைமைகளைத்தான் சொன்னார்கள். அதில் நெஃப்ராடிக் இல்லை. முடிவாக வந்த 2015 அறிக்கை 176 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. அதே நாட்டில், சிட்னியில், 2002ல் ஒன்பது மாதக் குழந்தை எக்ஸிமா என்ற தோல்நோய் முற்றி இறந்தது, ஹோமியோபதியையே நம்பியிருந்தார்கள். அப்பாவே ஹோமியோபதி டாக்டர், நம் நாட்டிலிருந்து போனவர்கள். 2009ல் பெற்றோர் இருவருக்கும் சிறை. பிள்ளைமேல் பாசமில்லாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

வெள்ளுருண்டை:
நான் பி.எச்.எம்.எஸ் என்ற ஹோமியோபதிப் பட்டம் முடித்து இருபது வருடமாகப் பார்க்கிறேன். என்னிடமும் நெஃப்ராடிக் பிள்ளைகள் வருகிறார்கள். ஒருவருக்கும் ஸ்டீராய்டை நிறுத்தச் சொன்னதில்லை. அந்த டாக்டர் சொன்னது தவறு அம்மா. எங்கள் மருந்தை அதோடு சேர்த்துக் கொடுக்கலாம். ஒன்றுமே இல்லாத உருண்டை என்று நண்பர் கேலி செய்கிறார், என் அனுபவத்தில் பிள்ளைகளுக்குப் பசி, தூக்கம், எரிச்சல் எல்லாம் தேறுகிறது.

ரெண்டாம் ஷிஃப்ட்:
நிறுத்தச் சொல்லாததற்கு நன்றி டாக்டர். ஒரு கேள்வி. இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் எது வேலை செய்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த நோயே வருவதும் போவதுமாக இருக்கும். 1930களில் இது வந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை, ஆனால் சிலருக்குத் தானாகவே வற்றியது. தட்டம்மை வந்துபோன பிறகு வீக்கம் வற்றுவதைப் பார்த்து, வேண்டுமென்றே தட்டம்மையைத் தொற்றவைத்த டாக்டர்களும் இருந்தார்கள்! நல்லவேளை, நாம் அப்போது பிறக்கவில்லை.

மல்லி அக்கா, என் மகளுக்கும் இதே நோய், இப்போது பதினொரு வயது. எங்களைக் காப்பாற்றியது ஒரு நோட்டும், சிறுநீரில் புரதம் காட்டும் ஸ்ட்ரிப்பும்தான். தினமும் காலை முதல் சிறுநீரில் நனைத்து நிறம் பார்த்து எழுதுவோம். ஸ்ட்ரிப் இல்லாத நாளில் சோதனைக்குழாயில் சுடவைத்துப் பார்ப்போம், புரதம் இருந்தால் வெள்ளையாகத் திரியும். மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் வந்தால் வீங்கும்வரை காத்திராமல் டாக்டருக்குப் போன். அப்புறம், குறைக்கும்போதே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ஸ்டீராய்டை மட்டுமே நம்பி ஓட்ட வேண்டியதில்லை. லெவமிசோல், மைக்கோபினோலேட் என்று அதன் அளவைக் குறைக்க உதவும் மருந்துகள் இருக்கின்றன. குழந்தைகள் சிறுநீரக நிபுணரிடம் காட்டினீர்களா? எங்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் ஒன்றரை வருடம் வீணானது.

வெள்ளுருண்டை:
எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த அம்மா ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. அதை உங்கள் பக்கம் யாரும் கொடுக்கவில்லை, அதையும் எழுதுங்கள்.

நைட் டூட்டி:
அது உண்மை டாக்டர். எங்கள் ஓபியில் ஒரு காலைக்குள் எண்பது டோக்கன். சத்தம் போடத்தான் நேரம் இருக்கிறது.

மாடிவீட்டு மல்லி:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மாத்திரையை நிறுத்தவில்லை. ஒன்பதாம் நாளிலிருந்து ஸ்ட்ரிப்பில் தொடர்ந்து புரதம் இல்லை, மாத்திரை இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள். நிபுணரைப் பார்த்தோம், லெவமிசோல் தொடங்கலாம் என்றார். பசி அடங்கக் கொஞ்ச நாளாகும், முகமும் மாத்திரை குறையக் குறைய வற்றும் என்றார். மாமியார் மட்டும் காலையில் நாலு உருண்டை நாக்கில் போடுகிறார். அதற்கு நான் சண்டை போடவில்லை. மாத்திரை டப்பா என் பீரோவில், சாவி என் இடுப்பில்.

ஓடைமரம்:
பார்த்தீர்களா! உருண்டை வேலை செய்கிறது.